உயிலா, செட்டில்மெண்டா?

தம் காலத்துக்குப் பிறகு தம் சொத்து யாரைச் சேர வேண்டும் என்று ஒருவர் எழுதிவைக்கும் ஆவணமே உயில். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதனால் யாருக்கும் எந்த உரிமையும் பிறப்பதில்லை. வீடு அவர் பெயரிலேயே இருக்கும். அதை அவர் விற்கலாம், அடமானம் வைக்கலாம், உயிலை ரத்து செய்துவிட்டு வேறு எழுதலாம். எத்தனை உயில் எழுதினாலும் முறைப்படி எழுதப்பட்ட கடைசி உயிலே செல்லும்.

உயில் எழுதாமல் ஒருவர் இறந்துவிட்டால் சொத்தை அவரவர் மதத்துக்குரிய வாரிசுரிமைச் சட்டம் பங்கிடும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஆணின் சுயசம்பாத்தியச் சொத்து அவருடைய மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சமபங்காகப் போகும். மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய் என்று நால்வர் இருந்தால் ஆளுக்குக் கால் பங்கு. ‘மகளுக்குத்தான் சீர் செய்தாயிற்றே’ என்று சொல்லிக் கணக்கை முடிக்க முடியாது.

பெண்ணின் சொத்துக்குக் கணக்கே வேறு. முதலில் பிள்ளைகளுக்கும் கணவருக்கும். அவர்கள் இல்லாவிட்டால் கணவரின் வாரிசுகளுக்கு. அதன் பிறகுதான் பெற்ற தாய் தந்தைக்கு. கணவரை இழந்த, பிள்ளை இல்லாத ஓர் ஆசிரியை தம் சம்பளத்தில் வீடு கட்டி, அதில் தம் தாயோடு வாழ்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் உயில் எழுதாமல் இறந்தால் அந்த வீடு தாயை விட்டுவிட்டுக் கணவரின் உடன்பிறந்தோருக்குப் போய்விடக்கூடும். பெரிய அநீதி இது. இன்றைக்கு இதைத் தடுக்க அந்தப் பெண்ணின் கையில் இருப்பது ஓர் உயில்தான்.

உயில் எழுதச் செலவு அதிகமில்லை. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும். எழுதுபவர் 18 வயது நிறைந்தவராக, தெளிந்த மனநிலையில் இருக்க வேண்டும். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 63ஆம் பிரிவில், அவருடைய கையெழுத்தையோ கைரேகையையோ கேட்கிறது. குறைந்தது இரண்டு சாட்சிகளையும் கேட்கிறது. அவர் கையெழுத்திட்டதைச் சாட்சிகள் பார்த்திருக்க வேண்டும் அல்லது கையெழுத்து தம்முடையதே என்று அவர் சாட்சிகளிடம் சொல்லியிருக்க வேண்டும். சாட்சிகளும் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பின்னாளில் வழக்கு வந்தால் இந்தச் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்துக்கு வந்து சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், எழுதுபவரைவிட வயதில் இளையவர்களாகப் பார்த்துப் போடுவது நல்லது. சொத்துப் பெறுபவரைச் சாட்சியாகப் போடவே கூடாது.

பத்திர எழுத்தர்கள் எழுதும் உயிலில் ‘சுயநினைவோடும் பிறர் தூண்டுதல் இன்றியும்’ என்ற வரி தவறாமல் இருக்கும். அந்த வரி மட்டும் உயிலைக் காப்பாற்றிவிடாது. சந்தேகத்துக்கிடமான சூழ்நிலை இருந்தால், உயிலை முன்வைப்பவரே அந்தச் சந்தேகத்தைப் போக்க வேண்டும் என்று 1959இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனைவியையோ ஒரு பிள்ளையையோ ஒதுக்கினால், காரணத்தை இரண்டு வரியில் எழுதிவிட வேண்டும். சொத்து விவரத்தில் சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை, கதவு எண் ஆகியவை பிழையில்லாமல் இருக்க வேண்டும்.

பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுவது பலம். சார்பதிவாளர் அலுவலகத்தில் உயிலைத் தனிப் புத்தகத்தில் ஏற்றுவார்கள். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதன் நகலைப் பிறருக்குத் தரமாட்டார்கள். முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் வழி உண்டு.

இஸ்லாமியர்கள் பொதுவாகத் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்க முடியாது. வாரிசுக்கு எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். கிறித்தவர் திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு ரத்தாகிவிடும்.

தமிழ்நாட்டில் பலர் உயிலுக்குப் பதிலாகப் பிள்ளைகள் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதிவிடுகிறார்கள். பதிந்த கையோடு சொத்து கைமாறிவிடும். எழுதியவர் நினைத்தபோது திரும்பப் பெற முடியாது. சோறு போடாத பிள்ளையிடமிருந்து சொத்தை மீட்க, 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு உதவும். வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். ஆனால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தார்களா என்ற கேள்வி அங்கே எழும். தள்ளாத வயதில் அதை நிரூபிக்க அலைவது கொடுமை. எழுதியே ஆக வேண்டும் என்றால், ஆயுட்கால அனுபவ உரிமையையும் பராமரிப்பு நிபந்தனையையும் பத்திரத்திலேயே சேர்க்க வேண்டும். வேறு வருமானமில்லாத பெரியவர்களுக்கு உயிலே பாதுகாப்பு.

வங்கியில் நாமினி போட்டாயிற்று, அது போதும் என்று இருப்பதும் தவறு. நாமினி பெரும்பாலும் பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், உரிமை வாரிசுகளுடையது. பங்குகள் விஷயத்தில் இதை உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் உறுதிசெய்தது. நாமினி பெயரும் உயிலில் உள்ள பெயரும் ஒத்துப்போனால் சண்டை குறையும்.

உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்றே புரொபேட். உயிலை நிறைவேற்ற நியமிக்கப்பட்டவர் மூல உயிலோடும் இறப்புச் சான்றிதழோடும் மனு செய்வார். வாரிசுகளுக்கு நோட்டீஸ் போகும். யாராவது ஆட்சேபித்தால் மனு வழக்காக மாறும். நிறைவேற்றுநர் பெயர் இல்லாத உயிலுக்குப் புரொபேட் கிடைக்காது. சொத்தை நிர்வகிக்கும் அதிகாரப் பத்திரம் ஒன்றை நீதிமன்றத்தில் வாங்க வேண்டும். சென்னை, மும்பை, கொல்கத்தா நகரச் சொத்துகளுக்கு இந்துக்களின் உயில் புரொபேட் பெற்றே ஆக வேண்டும் என்று நெடுங்காலம் இருந்த விதியை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. தகராறு இருக்கும் குடும்பங்கள் விரும்பினால் இப்போதும் பெறலாம்.

வில்லங்கச் சான்றிதழில் உயில் வராது. ஆகவே, எழுதியவர்கள் மூல உயில் எங்கே இருக்கிறது என்பதை நிறைவேற்றுநரிடம் இன்றே சொல்லிவிட வேண்டும்.