பார்த்து வரைந்தால் பிடிபடும் எண்ணெய்ச் சாயம்

ரவிவர்மாவுக்கு எண்ணெய்ச் சாயத்தைச் சொல்லித்தர யாரும் எளிதில் முன்வரவில்லை. கிளிமானூரிலிருந்து 1862இல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தபோது அவருக்கு வயது 14. அரசவை ஓவியர் ராமசாமி நாயுடு நுணுக்கங்களை மறைத்தார். அவருடைய உதவியாளர் ஆறுமுகம் பிள்ளை இரவில் ரகசியமாக வந்து சொல்லிக்கொடுத்ததாக வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1868இல் அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன், தாம் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். மற்றதையெல்லாம் மேல்நாட்டு ஓவியப் படங்களைப் பார்த்துப் பார்த்து ரவிவர்மா தாமே பழகினார்.

அப்படி மறைக்க இதில் என்ன இருக்கிறது? அடுக்குகளின் வரிசைதான். முடிந்த ஓவியத்தில் மேலடுக்கே பெரிதும் தெரியும். கீழே நடந்த வேலையை, அதே படத்தை வரைந்து பார்ப்பவர்தான் கண்டுகொள்வார். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் 1793 முதலே ஓவியர்களை உள்ளே உட்கார்ந்து நகலெடுத்துப் பழக விடுகிறது.

அப்படி நகலெடுக்கும்போது முதலில் அம்பர் என்ற பழுப்பு நிறத்தை டர்பன்டைனில் கரைத்துக் கான்வாஸ் முழுக்க மெலிதாகப் பூச வேண்டும். வெறும் வெள்ளையின் மேல் எந்த நிறமும் கூடுதல் இருட்டாகத் தெரியும். பழுப்பின் மேல்தான் ஒளியும் நிழலும் சரியாக அளவுபடும். பிறகு கட்டம் போட்டு மூலத்தின் உருவத்தைக் கான்வாஸுக்கு மாற்றி, பழுப்பிலேயே நிழல்களை முடித்த பின்புதான் நிறத்துக்கு வர வேண்டும்.

உருவப்படம் ஒன்றில் கன்னத்தைப் பாருங்கள். ஒளி படும் இடத்தில் வெள்ளையும் மஞ்சள் காவியும் கெட்டியாக நிற்கும். அது நிழலுக்குத் திரும்பும் ஓரத்தில் கறுப்பைக் கலந்தால் முகம் அழுக்காகிவிடும். தேர்ந்த ஓவியர்கள் பலர் அங்கே பச்சை கலந்த சாம்பல் நிறத்தை வைத்திருப்பார்கள். அதற்கு அப்பால்தான் செம்பழுப்பு நிழல். அதுவும் அடிப்பூச்சு தெரியும் அளவுக்கு மெலிதாக.

இந்தச் சாயம் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. ஆகவே கீழடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேலடுக்கில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மேலடுக்கு முந்தி இறுகி, பின்னர் வெடிப்பு விடும்.

பாலக்காடு போன்ற ஊரில் இருந்து பழகுகிறவருக்கும் மூல ஓவியங்கள் எட்டாதவை அல்ல. மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் ரவிவர்மாவின் ஓவியங்கள் இருக்கின்றன. அச்சுப்படத்தில் நிறம் தெரியும், சாயத்தின் கனம் தெரியாது. நகலெடுக்கத் தொடங்குமுன் ஒருமுறையாவது மூலத்தை நேரில் பாருங்கள். வரைந்து முடித்ததும் நகல் என்று எழுதி, மூல ஓவியரின் பெயரையும் பின்புறம் குறித்துவையுங்கள்.