படகு ஏறும் முன் குனியாதீங்க! முதுகை காப்பாத்தும் 15 நிமிஷம்

சென்னை:

துடுப்பு படகு ஓட்டும் வீரர்களுக்கு அதிகம் வரும் காயம் எது தெரியுமா? கை வலி, தோள் வலி என்று நினைத்தால் தப்பு. கீழ் முதுகு வலிதான்!

ரோயிங் எனப்படும் இந்த விளையாட்டு சென்னைக்கு புதுசு இல்லை. அடையாறு ஆற்றங்கரையில் இருக்கும் மெட்ராஸ் போட் கிளப் தொடங்கப்பட்டது 1867-ல். சீனாவின் ஹாங்சோவ் நகரில் 2023-ல் நடந்த ஆசிய விளையாட்டு போட்டியில் இந்திய ரோயிங் வீரர்கள் 2 வெள்ளி, 3 வெண்கலம் என 5 பதக்கங்களை அள்ளி வந்தனர். அதைப் பார்த்து துடுப்பு பிடிக்க ஆசைப்படும் பிள்ளைகள் முதலில் கத்துக்க வேண்டியது வார்ம்-அப்.

கால்தான் என்ஜின்

பார்க்கிறவர்களுக்கு இது கை விளையாட்டு மாதிரி தெரியும். உண்மையில் படகுக்குள் இருக்கை முன்னும் பின்னும் நகரும். பாதம் பலகையில் கட்டப்பட்டிருக்கும். முதலில் கால் உதைக்கும், அப்புறம் உடம்பு சாயும், கடைசியில்தான் கை இழுக்கும். கால் கொடுக்கிற பலத்தை கைக்கு கொண்டுபோய் சேர்ப்பது முதுகு.

ஒரு கணக்கு போடுவோம். நிமிஷத்துக்கு 20 முறை துடுப்பு போட்டால், ஒரு மணி நேரத்தில் 1,200 முறை! அத்தனை தடவையும் உடம்பு முன்னால் போய் பின்னால் வர வேண்டும். இடுப்பு மூட்டும் பின்தொடையும் இறுகிக் கிடந்தால், அந்த வளைவு முழுக்க கீழ் முதுகு தலையில்தான் விழும்.

காலையில் என்ன ஆபத்து?

நம் முதுகெலும்புகளுக்கு நடுவே டிஸ்க் என்கிற ஜவ்வு இருக்கிறது. ராத்திரி படுத்திருக்கும்போது அது தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். காலையில் எழுந்ததும் நம்ம உயரம் 1 சென்டிமீட்டருக்கு மேல் கூடியிருப்பது இதனால்தான். உப்பிய ஜவ்வோடு நன்றாக குனிந்தால் அதன் மேல் அழுத்தம் ரொம்ப அதிகமாகும். எழுந்து நடமாடிய பிறகு, முதல் ஒரு மணி நேரத்தில் இது பெருமளவு குறைந்துவிடும்.

ரோயிங் பயிற்சி நடப்பதோ பெரும்பாலும் விடியற்காலையில். காற்று குறைவு, தண்ணீர் அமைதியாக இருக்கும். ஆனால் படுக்கையில் இருந்து எழுந்து வந்த கையோடு, பள்ளிக்கூட டிரில் மாதிரி குனிந்து கால் விரலை தொடுவதுதான் பலருடைய வார்ம்-அப். அந்த நேரத்தில் செய்யவே கூடாதது அதுதான்!

முடிந்தால் ஒரு மணி நேரம் முன்னாடியே எழுந்து நடமாடுங்கள்.

வேர்த்தா போதுமா?

"சென்னை வெயிலுக்கு தனியா வார்ம்-அப் எதுக்கு, நின்னாலே வேர்க்குதே" என்று சிலர் கேட்பார்கள். அது புழுக்கத்தில் வரும் வேர்வை. தசை சூடாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும். பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதுதான் அளவு.

கரையில் 15 நிமிஷம்

* முதல் 5 நிமிஷம்: வேக நடை, மெதுவான ஓட்டம் அல்லது ஸ்கிப்பிங்.

* அடுத்த 10 நிமிஷம்: அசைந்துகொண்டே செய்யும் பயிற்சிகள். ஒவ்வொரு காலையும் முன்னும் பின்னும் 10 முறை வீசுங்கள். உட்கார்ந்து எழுவது 10 முறை. பெரிய அடி எடுத்து வைத்து, உடம்பை இரண்டு பக்கமும் திருப்புங்கள். கைகளை வட்டமாக சுழற்றுங்கள்.

* கை, முட்டி ஊன்றி, பூனை மாதிரி முதுகை மெதுவாக மேலே தூக்கி கீழே இறக்குங்கள். 6 முறை போதும். பலம் கொடுத்து அழுத்த வேண்டாம்.

படகில் ஏறியதும் முழு வேகம் வேண்டாம். முதலில் கை மட்டும், பிறகு கையும் உடம்பும், பிறகு இருக்கையை பாதி தூரம் நகர்த்தி, கடைசியில் முழு தூரம். ஒவ்வொன்றும் 10 முதல் 20 துடுப்பு.

ஸ்ட்ரெச்சிங் எப்போ?

ஒரே நிலையில் இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங்கை பயிற்சி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முன்னாடியே ஒரு நிமிஷத்துக்கு மேல் பிடித்தால், தசையின் பலம் கொஞ்ச நேரத்துக்கு குறையும்.

பின்தொடைக்கு, மல்லாக்க படுத்து பாதத்தில் துண்டை மாட்டி காலை நீட்டி இழுங்கள். முதுகு வளையாது. தொடை முன்பக்கம், பிட்டம், கெண்டைக்கால், மார்பு, முன்கை என்று ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 30 வினாடி, இரண்டு முறை. மூச்சை அடக்காதீர்கள்.

எர்கோமீட்டர் மெஷினில் பழகுபவர்களும் இதே வரிசைதான். அதில் ஒரே மூச்சாக 30 நிமிஷத்துக்கு மேல் உட்காருவது முதுகு வலிக்கு ஒரு காரணம். நடுவில் இறங்கி ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள்.

இதை அலட்சியப்படுத்தாதீங்க

முதுகு வலி காலுக்கு இறங்கினால், கால் மரத்துப்போனால் பயிற்சியை உடனே நிறுத்தணும். இருமும்போதோ, ஆழமாக மூச்சு இழுக்கும்போதோ விலாவில் குத்தினால், எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். ரோயிங் வீரர்களுக்கு இது வருவது உண்டு. ஸ்ட்ரெச்சிங் செய்து சரி பண்ணிடலாம் என்று நினைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

வலியை மறைத்து படகு ஏறுவது வீரம் இல்லை. 2 வாரம் ஓய்வில் சரியாக வேண்டியது, சீசன் முழுக்க வீட்டில் உட்கார வைத்துவிடும். பிள்ளைகள் வலிக்குதுன்னு சொன்னால், பெற்றோரும் பயிற்சியாளரும் முதல் நாளே காது கொடுத்து கேளுங்கள்!