சின்னமுத்தும் ஒரு நாட் கூலியும்

கொடிய நோய்க்கு 'முத்து' என்று பெயர் சூட்டியவர் நம் முன்னோர். நோயின் பெயரைச் சொல்லவும் அஞ்சி, அம்மனின் விளையாட்டென்று கைகூப்பி, வாசலில் வேப்பிலை செருகினர். வேறு வழியறியாத காலத்தில் அதைப் பேதைமை என்று இகழ்தல் தகாது. இன்று வழியுண்டு. அவ்வழி எல்லாக் குழந்தைகளையும் ஒருங்கே சென்றடைகின்றதா என்பதே வினா.

தடுப்பூசித் துறையில் இலங்கை பெருமை கொள்ளத்தக்க நாடு. அம்மைப்பால் குத்துதற்கு இங்கே 1886ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்தது. சின்னமுத்துத் தடுப்பூசி 1984இல் வந்தது. 1993க்குப் பின் இளம்பிள்ளை வாதத்தை இந்நாடு கண்டதில்லை. 2019இல் சின்னமுத்தும் இங்கு ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. இத்தனைக்கும் அரசாங்க நிலையங்களில் ஏழையிடம் ஒரு சதமும் கேட்கப்படவில்லை.

ஆயினும், 2023இல் சின்னமுத்து மீண்டும் தலைகாட்டிற்று. தலைநகரும் தப்பவில்லை. 2024 ஜனவரியில், ஒன்பது மாவட்டங்களில், ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு மேலதிக ஊசி போட நேர்ந்தது. நாட்டின் கணக்கு நன்றாயிருக்க, நோய் நுழைந்தது எங்ஙனம்?

தடுப்பாற்றல் இல்லாதாரிடையே ஒரு நோயாளி பன்னிருவர் முதல் பதினெண்மர் வரைக்கும் சின்னமுத்தைப் பரப்ப வல்லவர். அவர் நீங்கிய அறையின் காற்றிலும் கிருமி இரண்டு மணி நேரம் வரை தங்கும். ஆதலின் நூற்றுக்குத் தொண்ணூற்றைவரேனும் ஊசி பெற்றிருத்தல் வேண்டும். நாடளாவ அக்கணக்கு நிறைவேறினும், விடுபட்டோர் பலரும் ஒரே சந்தில் வாழ்வாராயின், அச்சந்தில் நோயைத் தடுப்பவர் யார்?

கொழும்பு மக்கள் 'தோட்டம்' என்றழைக்கும் குடியிருப்புகளை அறியாதார் யார்? ஒரே சுவரின் இருபுறமும் இரு குடும்பம். பலருக்கு ஒரே தண்ணீர்க் குழாய். அங்கே புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் தந்தையையும், பிறர் வீட்டிற் சமைக்கும் தாயையும் எண்ணிப் பாருங்கள். ஊசி போடும் நாள் வேலை நாள். போனால் அன்றைய கூலி இல்லை. சென்ற முறை ஊசியின் பின் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு மறுநாட் கூலியும் போயிற்று. வாடகை ஏறியதால் வீடு மாறினர். பிள்ளையின் பெயரோ பழைய பகுதி மருத்துவமாதுவின் ஏட்டில் நின்றது. களனி கங்கை பெருகிய ஓரிரவில் பிள்ளையின் பதிவேடும் நனைந்து அழிந்தது. ஏச்சுக் கேட்க நேருமே என்றஞ்சி அவள் போகாதிருக்கிறாள். அவள் ஊசியை மறுத்தவளல்லள். 'நாளை' என்று ஒத்திவைத்தவள். அந்த 'நாளை' வருமுன் நோய் வந்துவிடலாம். போஷாக்குக் குறைந்த குழந்தைக்குச் சின்னமுத்து வெறும் சிவந்த தடிப்பன்று. நிமோனியாவும் பார்வையிழப்பும் மரணமுங்கூட அதனால் நேரும்.

இத்தகைய தாயை அறிவிலி என்று பழிப்பதாற் பயனில்லை. 1926இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தோன்றிய காலந்தொட்டு நம் நாடு கண்ட வெற்றியின் இரகசியம், மக்கள் வருவாரென்று காத்திராமல் அவர்தம் வாசலை நாடிச் சென்றமையே. நகரத்துத் தோட்டங்களுக்கும் அதுவே மருந்து. மாலையிலோ ஞாயிறன்றோ, கோவில் மடத்திலோ பள்ளிவாசல் மண்டபத்திலோ ஊசி போடலாகாதா? பதிவேடு தொலைந்தவளைக் கடிந்துகொள்ளாமல் புதியதொன்று எழுதிக் கொடுத்தலாகாதா? ஊசியின் பின் வரும் காய்ச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும் என்பதை முன்கூட்டியே அவள் மொழியில் சொல்லுதலாகாதா?

நமக்கும் ஒரு பங்குண்டு. நம் வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் மடியிலும் ஒன்பது மாதப் பிள்ளை இருக்கலாம். அவளுக்கு ஒரு நாள் விடுமுறையைக் கூலியோடு கொடுத்தனுப்புவோமாயின், அப்பிள்ளைக்குரிய ஊசி தவறாது கிடைக்கும்.