கித்துல்கலையில் ஒரு சயாம் பாலம்

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக ஹட்டனுக்குப் போகும் பாதையில், யட்டியாந்தோட்டையைத் தாண்டியதும் காற்றே குளிர்ந்துவிடும். பாவாதமலைப் பக்கமிருந்து இறங்கிவரும் களனி கங்கை பாறைகளில் மோதி நுரைத்தபடி கூடவே வரும். கித்துள் மரங்களும் ஓயாத மழையும் நிறைந்த அந்த ஊர்தான் கித்துல்கல.

டேவிட் லீன் இயக்கி, 1957இல் வெளிவந்து 7 ஒஸ்கார் விருதுகளை வென்ற 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' இங்கேதான் படமாக்கப்பட்டது. கதை நடப்பது தாய்லாந்தில். ஆயினும் அடர்ந்த காடும் ஆழமான பள்ளத்தாக்கும் இங்கே பொருத்தமாக அமைந்தன. யானைகளின் உதவியோடு மரத்தால் உண்மையான பாலமே கட்டி, அதன் மேல் உண்மையான புகையிரதத்தையும் ஓட்டினார்கள். பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் பார்க்க வந்திருந்தார். முதல் முயற்சியில் ஒரு படப்பிடிப்பாளரிடமிருந்து சைகை வராததால் வெடிவைக்கவில்லை. புகையிரதம் பாலத்தைக் கடந்து அக்கரையில் போய் மோதியது. மறுநாள்தான் வெடித்தது. வாப்பாவுக்கு அந்தப் படத்தில் அந்த இடம் மட்டுந்தான் ஞாபகம்!

உண்மை வரலாறு வேறு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீற்றர் பாதை அமைத்தனர். காஞ்சனபுரியில் இன்றும் நிற்கும் பாலம் இரும்பினாலானது. அதைத் தகர்த்தது படத்தில் வருவதுபோல் ஒரு சிறு படையணியல்ல, விமானக் குண்டுகள். படம் பிரித்தானியப் போர்க்கைதிகளைப் பற்றியது. அவர்களோடு பிற நாட்டவரையும் சேர்த்து 12,000க்கும் அதிகமான கைதிகள் மாண்டார்கள் என்பது உண்மையே. ஆனால் இறந்த ஆசியத் தொழிலாளரோ பல்லாயிரம். 90,000 வரை என்றும் மதிப்பிடுகிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் அவர்களில் ஏராளம். யட்டியாந்தோட்டைப் பக்கத் தோட்டங்களுக்கு வந்தவர்களைப் போலவே, அவர்களும் தென்னிந்தியாவிலிருந்து பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்கள்தான். கொலராவும் பசியும் அவர்களை வாரிக்கொண்டு போயின. படத்தின் கதையில் அவர்களுக்கு இடமில்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலில் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்.

கித்துல்கலையில் இப்போது எஞ்சியிருப்பவை பாலம் நின்ற இடத்தின் கொங்கிறீற்று அடித்தளங்கள்தாம். பார்க்கப் போகிறவர்கள் வழிகாட்டியோடு இறங்குவது நல்லது. மேலே லக்ஸபான மின்நிலையங்கள் இருக்கின்றன. அங்கிருந்து நீர் வரும்போது ஆற்றின் மட்டம் சட்டென்று ஏறிவிடும்.