போஞ்சிக் கொடிக்கு முருங்கைச் சாறு



தை, மாசி மாதங்களில் நாம் லயத்துப் பக்கம் வந்தால், தாய்மார் சொல்லும் குறை ஒன்றுதான்: "ஐயா, போஞ்சி பூக்குது. பிஞ்சு பிடிக்க முன்னமே இலை பழுத்துப் போகுது." விடியற்காலை பனி, பகலில் வெயில், பீலியிலும் தண்ணி குறைவு. உரம் வாங்கலாமென்றால் விலை. 2021ஆம் ஆண்டு இரசாயன உரத்துக்குத் தடை வந்து, அதே வருடம் நீங்கியது. அதன் பிறகும் உர விலை எங்கே போய் நின்றது என்பதை நாம் எல்லோரும் கண்டோம்.

இதற்குக் கைகொடுக்கக்கூடிய ஒன்று முருங்கை இலை.

தண்ணீர் போதாதபோது செடியின் இலை காலத்துக்கு முன்னே முதிர்ந்துவிடும். பழுத்த இலை செடிக்கு உணவு தயாரிக்காது, காயும் குறையும். முருங்கையின் இளம் இலையில் சியாட்டின் என்னும் இயற்கைப் பொருள் உண்டு. அது இலை சீக்கிரம் பழுப்பதைத் தாமதப்படுத்தும். நிக்கரகுவா நாட்டில் 1990களில் பல பயிர்களுக்கு இச்சாற்றைத் தெளித்தபோது, விளைச்சல் 20 முதல் 35 வீதம் வரை கூடியதாகப் பதிவு செய்துள்ளனர். பாகிஸ்தானின் பைசலாபாத் விவசாயப் பல்கலைக்கழகத்தார் கோதுமையில், வரட்சியிலும் உவர் மண்ணிலும் பலன் கண்டுள்ளனர்.

செய்முறை இதுதான். இளம் இலையைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அம்மியில் அரைத்து, துணியில் பிழிந்து வடிகட்டுங்கள். ஒரு கோப்பை சாற்றுக்கு 30 கோப்பை தண்ணீர் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலை நனையத் தெளியுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை போதும். சாற்றை வைத்திருக்கக் கூடாது. அன்றே பிழிந்து அன்றே அடிக்க வேண்டும்.

இது தண்ணிக்கும் எருவுக்கும் பதில் அல்ல. சாணமும் கூட்டெருவும் போட்டு, அடியில் காய்ந்த புல் பரப்பிய பாத்தியில்தான் இது உதவும். குளிர் கூடிய நம்ம மலையில் முருங்கை நன்றாக வளராது. சந்தையில் வாங்கும் கட்டில் பிள்ளைகளின் சுண்டலுக்கு முதலில் எடுத்து வையுங்கள். மிச்சம்தான் செடிக்கு.

எங்கள் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். பாதி வரிசைக்கு அடியுங்கள், பாதியை விடுங்கள். இரண்டிலும் பறித்த காயைத் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். தினமும் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிற்கும் உங்களுக்கு, தராசைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டுமா?