மனம் மாறும் துறை - 9: வீடும் சூரியனும்

அக்கறை உள்ளவர் வாதத்தை எடைபோடுவார். அக்கறை இல்லாதவர் சொல்பவரை எடைபோடுவார். உளவியல் ஆய்வாளர்கள் பெட்டியும் கசியோப்போவும் சொன்ன இதைச் சென்ற வாரமே பார்த்துவிட்டோம். இந்த வாரம், ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வதன் பலனைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். அதற்கு உதாரணம் தேடி இலங்கையின் 1977 பொதுத்தேர்தல் முடிவுகளைப் புரட்டப்போய் மட்டக்களப்புத் தொகுதியிலேயே நின்றுவிட்டேன்.

அது இரட்டை அங்கத்தவர் தொகுதி. முந்தைய ஆண்டு மே மாதம் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் எடுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி, உதயசூரியன் சின்னத்தில் தேர்தலுக்கு வந்தது. மட்டக்களப்பில் செ. இராசதுரை அந்தச் சூரியனில் நின்றார். கவிஞர் காசி ஆனந்தனோ, கூட்டணிக்குள் இருந்த பழைய தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் நின்றார். தீர்மானம் இருவருக்கும் ஒன்றுதான். வாதத்தை மாற்றாமல் ஆளையும் சின்னத்தையும் மட்டும் மாற்றிப் பார்க்கும் வாய்ப்பு உளவியல்காரர்களுக்கு லேசில் கிடைக்காது.

வாவிக்கரையில் வேளாண்மை செய்கிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். "ஆர் வந்தாலும் வயலுக்குள்ள இறங்கிறது நாமதானே" என்கிறவர். அவர் கையில் இருக்கும் வாக்குச்சீட்டில் தீர்மானத்தின் வாசகம் ஒரு வரிகூட இல்லை. பெயர், படம், புள்ளடி போட ஒரு கட்டம், அவ்வளவுதான்.

படம்தான் இழுக்கும் என்றால், பழகிய வீடு வென்றிருக்க வேண்டும். வென்றது புதுச் சூரியன். யானைச் சின்னத்தில் நின்ற ஐக்கிய தேசியக் கட்சியின் (ஐ.தே.க.) அகமது பரீத் இரண்டாவது ஆசனத்தை எடுத்தார். காசி ஆனந்தன் மூன்றாவதாக வந்து தோற்றார்.

'சொல்லின் செல்வர்' பட்டம் இராசதுரைக்குச் சும்மா வரவில்லை. தமிழரசுக் கட்சியின் தலைவர் தந்தை செல்வா தணிந்த குரல்காரர். மேடையைக் கட்டியாண்டது இராசதுரையின் தமிழ். ஆனால் காசி ஆனந்தனும் மேடையில் சளைத்தவரல்லர். சிறை சென்றவர் என்ற மதிப்பும் அவருக்கு இருந்தது. ஆகவே, குரல் மட்டும் வென்றது என்று சொல்லமாட்டேன். இராசதுரை 1956 முதல் பாராளுமன்றத்தில் இருந்தவர், 1967இல் மட்டக்களப்பின் முதல் மாநகர முதல்வரானவர். தெரிந்த பெயர் ஒன்று கண்ணில் பட்டால், அக்கறையற்றவரின் கை அங்கேதான் போகும். தியாகத்தைக் கணக்குப் பார்த்தவர்கள் அரசியலில் ஊறிய இளைஞர்களே. இது என் ஊகம். இரண்டு வேட்பாளர்களை வைத்து விதி எழுத முடியாது.

கதை அங்கே முடியவுமில்லை. 1979இல் இராசதுரை ஐ.தே.க. பக்கம் போய் அமைச்சரானார். யோசிக்காமல் எடுத்த முடிவு சீக்கிரம் கரையும் என்கிறார்கள் அந்த இரு ஆய்வாளர்களும். அப்படியானால் சூரியனுக்குப் புள்ளடி போட்டவர்களில் எத்தனை பேர் ஆளோடு போனார்கள், எத்தனை பேர் சின்னத்தோடு நின்றார்கள்?

அதையும், தள்ளிப்போன 'திரும்பத் திரும்ப' விஷயத்தையும் அடுத்த வாரம் பார்க்கலாம். 1977 ஜூலைக் கூட்டங்களின் துண்டுப்பிரசுரம் எவர் வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால், ஒரு பிரதி எடுத்து ஆசிரியர் முகவரிக்கு அனுப்பிவையுங்கள்.