நிறுக்காத கொழுந்து

கொஸ்லந்தையில் இருக்கும் என் தங்கச்சி மகன் மென்பொருள் படிக்கிறான். ஒருநாள் இரவு போன் எடுத்தான். "மாமா, ரெண்டு நாளா எழுதினது எல்லாம் போச்சு. குறிப்புல இருந்த மாதிரிதான் அடிச்சேன்." அவன் அடித்தது 'கிட் செக்அவுட்'. அதன் பின்னால் ஒரு புள்ளி.

மென்பொருள் எழுதுவோர் தங்கள் வேலையைக் கட்டம் கட்டமாகப் பதிந்துவைக்கும் கருவி 'கிட்'. லினக்ஸைத் தந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கியது. அதைத் தேயிலைத் தோட்டத்துப் பதிவேடான செக்ரோலை வைத்தே அவனுக்கு விளங்கப்படுத்தினேன். மலையில் எடுத்த கொழுந்து கூடையில் இருக்கும்வரை கணக்கில் இல்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்து, நிறுத்து, செக்ரோலில் பேருக்கு நேரே கிலோ விழவேண்டும். கிட்டிலும் கூடை, மடுவம், பதிவு என்று அதே மூன்று இடங்கள். பதிவில் விழுந்ததைத் தவறுதலாக நீக்கிவிட்டாலும் 'ரெஃப்லாக்' என்ற குறிப்பேட்டின் வழியே வழக்கமாக 30 நாள் வரையாவது மீட்கலாம். மடுவம்வரை வந்ததைக்கூடத் தோண்டி எடுக்க ஓரளவு வழி உண்டு. கூடையோடு கவிழ்ந்தது போனதுதான். மருமகனின் இரண்டு நாள் உழைப்பும் கூடையில்தான் இருந்தது.

பிள்ளையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. செக்அவுட் நெடுங்காலம் இரண்டு வேலை பார்த்த கட்டளை. ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குப் போக அதை அடித்தால், பதியாத மாற்றம் அழியும் நிலை வந்தால் மறுத்து நின்றுவிடும். கோப்பின் பெயரையோ புள்ளியையோ சேர்த்து அடித்தால் கேட்காமலே மேலெழுதிவிடும். 2019 ஆகஸ்டில் வந்த 2.23ஆம் பதிப்பில் 'ஸ்விட்ச்', 'ரெஸ்டோர்' என்று இரண்டு கட்டளைகளாகப் பிரித்தார்கள். ஆனால் பழையதும் இருக்கிறது. பழைய பாடக்குறிப்புகளும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

பெயர்க் குழப்பம் இதைவிட மோசம். நான் மடுவம் என்ற இடத்துக்குக் கிட்டில் 'கேஷ்', 'இன்டெக்ஸ்', 'ஸ்டேஜிங்' என்று மூன்று பெயர்கள். ஆரம்ப காலத்துப் பெயர் கேஷ். மற்றவை பிறகு சேர்ந்தன, பழையது போகவில்லை. 'டிஃப்' கட்டளையில் கேஷ்ட், ஸ்டேஜ்ட் இரண்டும் ஒன்றே. 'அப்ளை' கட்டளையிலோ கேஷ்ட் என்றால் மடுவத்தை மட்டும் தொடும்; இன்டெக்ஸ் என்றால் கூடையையும் சேர்த்துத் தொடும். கையேட்டில் இது எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் தனியொரு பக்கத்தில். முதல்நாள் படிப்பவன் அங்கே எப்படிப் போய்ச் சேருவான்? எதைத் தொடும், எது திரும்ப வராது என்பது ஒவ்வொரு கட்டளையின் முதல் வரியிலேயே இருக்கவேண்டும்.

கையேட்டை எல்லோரும் ஆற அமரப் படிப்பதில்லை; பேரிடர் நடுவே அவசரமாக மென்பொருள் எழுதுவோரும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இலங்கைத் தன்னார்வலர்கள் சில வாரங்களில் 'சஹானா'வை எழுதினார்கள்: காணாமற்போனோர் பதிவு, முகாம் விவரம், உதவிப்பொருள் கணக்கு. திறந்த மூல மென்பொருள் என்பதால் பிறகு வெளிநாட்டாரும் வந்து சேர்ந்தார்கள். 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. எங்கள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்து தொழிலாளர் லயங்கள் புதைந்தபோதும் முதல் கேள்வி, உள்ளே யார் யார் என்பதுதான். அப்படிப்பட்ட நாளின் இரவில், தூக்கமில்லாத கண்ணோடு கட்டளையைத் தேடும் ஒருத்தியை நினைத்துக் கையேடு எழுதப்படவேண்டும்.

போன கிழமை மருமகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். தனக்குப் பின்னால் படிக்க வரும் பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுதிய கொப்பிப் பக்கம். 'ரெஸ்டோர்' என்பதற்கு நேரே சிவப்பு மையில்: "நிறுக்காத கொழுந்தைக் கொட்டிவிடும். கேட்காது."